தட்டில் தொடங்கிய கணக்கு: ஜே.சி.குமரப்பா

ஊருக்குத் தேவையான உணவு ஊருக்கு அருகிலேயே விளைய வேண்டும் என்று இன்று பலரும் பேசுகிறோம். அதற்குக் கணக்கே போட்டுக் காட்டியவர் ஒரு தமிழர்.

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தபோது, இந்தியாவின் வறுமைக்கு ஆங்கிலேய ஆட்சியின் வரிக் கொள்கையே காரணம் என்று உணர்ந்தார். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். குமரப்பா என்ற குடும்பப் பெயரை ஏற்று, கதருக்கு மாறினார்.

முதல் பணி, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் உழவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தது. 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் தங்கினார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு என்று உழைத்தார். தீட்டிய வெள்ளை அரிசியைப் பெருமையாக நினைத்தவர்களிடம், தவிட்டோடு சத்தும் போகிறது, ஊராரின் வேலையும் போகிறது என்று விடாமல் சொன்னார்.

அவருடைய முக்கியமான யோசனை சமச்சீர் சாகுபடி. 1 லட்சம் பேருக்குச் சத்தான உணவு எவ்வளவு வேண்டும், அதற்குத் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி, பழம் எத்தனை ஏக்கரில் விளைய வேண்டும் என்று கணக்கிட்டார். சந்தை விலையில் தொடங்காமல் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கினார்.

1949-ல் அவர் தலைமையிலான காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு அறிக்கை தந்தது. நாடு வேறு பாதையில் போனது. மதுரை அருகே தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்தவர், 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தியின் நினைவு நாளிலேயே மறைந்தார்.

அவருடைய ஏக்கர் கணக்கு இன்றைய விளைச்சலுக்குப் பொருந்தாது. கணக்கிடும் முறை பொருந்தும். திருத்தணியை எடுத்துக்கொள்வோம். மாடியில் நெல் விளையாது. ஆனால் கீரை, தக்காளி, கத்தரி, வெண்டை விளையும். அரிசியும் கடலை எண்ணெயும் சுற்றுக் கிராமங்களிலேயே கிடைக்கும். உள்ளூர்ப் பொருள் மட்டம் என்ற எண்ணம்தான் தடை. வாங்குவோர் இல்லாவிட்டால், ஊரை ஒட்டிய நிலம் மனையாகிவிடும். மனையான நிலம் மறுபடி வயலாகாது.

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வாங்கும் காய்கறியையும் எண்ணெயையும் எழுதிப் பாருங்கள். அதில் எவ்வளவு 20 கிலோமீட்டருக்குள் விளைந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். குமரப்பாவின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.