பூட்டுத் தொழிலாளியின் மகன்

மாணவர்களே, மின்தடையின் அலகான ‘ஓம்’ ஒரு பள்ளி ஆசிரியரின் பெயர் தெரியுமா?

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். பூட்டுத் தொழிலாளியான தந்தையே அவருக்குக் கணிதம் கற்பித்தார். கொலோன் நகரில் ஆசிரியராக இருந்தபோது, வெவ்வேறு நீளக் கம்பிகளில் மின்சாரம் செலுத்தி அளந்தார். கம்பி நீண்டால் மின்னோட்டம் குறைந்தது! மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்தால், மின்தடை 46 ஓம். வகுக்காமல் பெருக்கிப் பாருங்கள், மின்திறன் 1,150 வாட்.

இவ்வளவு எளிய விதிதான். ஆனால் 1827-ல் அவர் அதை நூலாக வெளியிட்டபோது ஜெர்மனியில் பலர் ஏற்கவில்லை. மனம் நொந்து வேலையை விட்டார், பாவம். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கியது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854-ல் மறைந்தார்.