மஞ்சள் மண் மலைக்குள் ஒளிந்திருந்த பருவமழை வரலாறு: காற்றின் வேலையைக் கண்டுபிடித்த ரிக்தோஃபென் யார்?

வட சீனாவில் வசந்த காலம் வந்தாலே வானம் மஞ்சளாகிவிடும். கோபி பாலைவனத்தில் இருந்து கிளம்பும் தூசி பெய்ஜிங் தெருக்களை மூடும், கடல் தாண்டி கொரியா, ஜப்பான் வரைக்கும் போகும். ரெண்டு நாள் தொல்லை, துடைச்சுப் போட்டா முடிஞ்சது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனா, இதே மாதிரி தூசி லட்சக்கணக்கான ஆண்டுகள் விடாமல் விழுந்துகொண்டே இருந்தால்? அது மலையாகிவிடும். சீனாவின் மஞ்சள் மண் பீடபூமி அப்படி உருவானதுதான். சில இடங்களில் அந்த மண்ணின் தடிமன் 200 மீட்டரையும் தாண்டும். அத்தனை மண்ணையும் கொண்டுவந்து கொட்டியது காற்றுதான் என்று ஆதாரங்களோடு சொன்னவர், ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் வான் ரிக்தோஃபென்.

யார் இவர்?

1833-ம் ஆண்டு மே 5-ம் தேதி, அப்போதைய பிரஷ்யாவின் சிலேசியா பகுதியில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. முதல் உலகப்போரில் 'சிவப்பு பாரன்' என்று பேர் வாங்கிய போர் விமானி மன்ஃப்ரெட் வான் ரிக்தோஃபெனும் இதே வம்சம்தான்.

புவியியல் படித்த ரிக்தோஃபென், முதலில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஆய்வு செய்தார். அங்கே வானத்தைத் தொடும் டோலமைட் பாறைகள் சில, ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்த பவளப்பாறைகள் என்று 1860-ல் எழுதினார். பாறையைப் பார்த்து அது பிறந்த சூழலைச் சொல்லும் இந்தப் பழக்கம்தான் பின்னாடி சீனாவிலும் கைகொடுத்தது.

அதே 1860-ல் பிரஷ்ய அரசு கிழக்கு ஆசியாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அதில் இவரும் சேர்ந்தார். இலங்கை, ஜப்பான், பிலிப்பைன்ஸ், ஜாவா, சயாம் எனச் சுற்றினார். அடுத்து அமெரிக்கா. கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் தங்கம், வெள்ளிச் சுரங்கங்களை ஆராய்ந்து சில ஆண்டுகளை அங்கேயே கழித்தார்.

சீனாவில் என்ன பார்த்தார்?

1868-ல் சீனாவுக்குள் நுழைந்தார். 1872 வரை மொத்தம் 7 நீண்ட பயணங்கள். முதலில் பணம் கொடுத்தது ஒரு கலிபோர்னியா வங்கி, பிறகு ஷாங்காயில் இருந்த வெளிநாட்டு வணிகர்களின் சபை. அவர்களுக்குத் தேவைப்பட்டது நிலக்கரி எங்கே இருக்கிறது, சந்தை எங்கே இருக்கிறது என்ற தகவல். ரிக்தோஃபென் அதையும் எழுதிக் கொடுத்தார், கூடவே மண்ணையும் கவனித்தார்.

ஷான்ஷி, ஷென்ஷி பகுதிகளில் எங்கே பார்த்தாலும் மஞ்சள் மண். கையால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். ஆனா வெட்டினால் சுவர் மாதிரி செங்குத்தா நிற்கும். மக்கள் அதைக் குடைந்து வீடு கட்டி வாழ்ந்தார்கள். மஞ்சள் ஆற்றுக்கு அந்த நிறமும் பேரும் வந்ததே இந்த மண்ணால்தான்.

இந்த மண்ணுக்கு லோயஸ் என்று பெயர். தமிழில் காற்றடி வண்டல் என்கிறோம். ஆனா அந்தக் காலத்தில் இது காற்று கொண்டுவந்தது என்று அறிஞர்கள் பலரும் நினைக்கவில்லை. ஆற்று வெள்ளம் விட்டுப்போன வண்டல் என்றார்கள் சிலர். சீனாவில் ஏற்கனவே ஆய்வு செய்த அமெரிக்கர் ரஃபேல் பம்பெல்லி, பழைய ஏரிகளின் அடியில் படிந்தது என்று கருதினார்.

காற்றுதான் என்று எப்படிச் சொன்னார்?

ரிக்தோஃபென் கவனித்தவை ரொம்ப எளிமையான விஷயங்கள்.

* தண்ணீரில் படிந்த மண் என்றால் அடுக்கடுக்காக இருக்கணும். இந்த மண்ணில் அப்படி மெல்லிய அடுக்குகள் இல்லை.
* உள்ளே கிடைத்தவை தரையில் வாழும் நத்தைகளின் ஓடுகளும் நிலவிலங்குகளின் எலும்புகளும்தான். ஏரி என்றால் நீர்வாழ் நத்தைகள் அல்லவா நிறைய இருக்கணும்?
* பள்ளத்தில் மட்டும் இல்லாமல் மேட்டிலும் மலைச்சரிவிலும் இந்த மண் போர்வை மாதிரி கிடந்தது. தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது, காற்று ஏறும்.
* மண்ணுக்குள் மெல்லிய குழாய்கள் மேலிருந்து கீழாக ஓடின. அவை புல் வேர்கள் விட்டுப்போன தடங்கள்.

கணக்கு நேரானது. காற்று தூசியைக் கொண்டுவரும், புல்வெளி அதைப் பிடித்து வைக்கும், அதன் மேல் மறுபடியும் புல் முளைக்கும். 1877-ல் வெளியான 'சீனா' நூலின் முதல் தொகுதியில் இதை விரிவாக எழுதினார். பின்னர் பம்பெல்லியே தன் கருத்தை மாற்றிக்கொண்டு இதை ஏற்றார். பட்டுப்பாதை என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரவ வைத்ததும் இதே நூல்தான்.

இன்னொரு பக்கம் என்ன?

இவர் வாழ்க்கையில் ஒரு நெருடலும் உண்டு. ஷான்டோங் பகுதியின் நிலக்கரியை வெளியே கொண்டுபோக ஜியாவ்ஜோ விரிகுடா நல்ல துறைமுகமாகும் என்று எழுதியிருந்தார். 1897-ல் ஜெர்மன் கடற்படை அந்த விரிகுடாவைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே 99 வருடக் குத்தகை என்று சீனாவிடம் கையெழுத்து வாங்கியது. ஒரே பயணம்தான். அதில் எழுதிய ஒரு குறிப்பு அறிவியலை வளர்த்தது, இன்னொரு குறிப்பு ஆக்கிரமிப்புக்குப் பயன்பட்டது.

ஊர் திரும்பிய பிறகு பான், லைப்சிக், பெர்லின் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். மத்திய ஆசியாவைச் சுற்றிய ஸ்வென் ஹெடின் இவருடைய மாணவர். 1905 அக்டோபர் 6-ம் தேதி பெர்லினில் காலமானார். வயது 72.

தூசியில் காலநிலை எப்படித் தெரியும்?

மஞ்சள் மண்ணுக்கு நடுநடுவே செம்மண் பட்டைகள் வரும். குளிர்ந்த, வறண்ட காலத்தில் வடமேற்குக் காற்று வேகமாக வீசி தூசியைக் கொட்டும், அது மஞ்சள் அடுக்கு. வெப்பமான காலத்தில் கோடைப் பருவமழை வலுக்கும், தூசி குறையும், செடிகொடி வளர்ந்து மண் சிவக்கும், அது செம்மண் அடுக்கு. தூசித் துகள் பெரிதாக இருந்தால் காற்று பலமாக வீசியது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் வயது சொல்லும் வழி ரிக்தோஃபென் காலத்தில் இல்லை. பூமியின் காந்தப்புலம் தலைகீழாக மாறியிருக்கிறது என்பதற்கான தடயத்தைப் பாறைகளில் கண்டு பிரான்சின் பெர்னார்ட் புரூன் எழுதியதே 1906-ல்தான், அதாவது இவர் இறந்த அடுத்த ஆண்டு. அந்தக் காந்தத் தடத்தை வைத்துத்தான் சீன விஞ்ஞானி லியு டுங்ஷெங்கும் சுவிட்சர்லாந்தின் ஃப்ரெட்ரிக் ஹெல்லரும் 1982-ல் லுவோசுவான் மண்ணுக்கு வயது கணித்தார்கள். அடிமட்டத்தின் வயது சுமார் 25 லட்சம் ஆண்டுகள் என்று தெரிந்தது. ஆழ்கடல் படிவுகள் சொல்லும் பனியுகக் கதையும் இந்த மண் சொல்லும் கதையும் பெருமளவு பொருந்தின.

இப்போது ஏன் முக்கியம்?

பூமி சூடாகும்போது ஆசியாவின் பருவமழை கூடுமா, குறையுமா, இடம் மாறுமா? கோடிக்கணக்கான விவசாயிகளின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் இருக்கிறது. மழையை அளக்கும் கருவிகளின் பதிவு ஒன்றிரண்டு நூற்றாண்டுகளுக்குத்தான் உண்டு. அதற்கு முன்னால் பூமி சூடான காலங்களில் மழை என்ன செய்தது என்று கேட்டால், பதில் சொல்லும் சாட்சிகளில் ஒன்று இந்த மண்.

அந்தச் சாட்சியும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. மரம் வெட்டியும் சரிவுகளை உழுதும் பீடபூமி அரிக்கப்பட்டதால், மஞ்சள் ஆற்றில் மண் டன் கணக்கில் போனது. 1999 முதல் சரிவு நிலங்களைக் காடாகவும் புல்வெளியாகவும் மாற்றும் திட்டத்தைச் சீனா நடத்துகிறது. தூசியைப் பிடித்து வைத்தது புல்தான் என்று ரிக்தோஃபென் அன்று எழுதினார். மிச்சமிருக்கும் மண்ணைக் காக்க இன்றும் அந்தப் புல்தான் வேணும்.