என். எஸ். கிருஷ்ணன்

நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 – ஆகஸ்ட் 30, 1957) தமிழ் நாடக, திரைப்பட நகைச்சுவை நடிகரும் பாடகரும் தயாரிப்பாளரும் இயக்குனரும் ஆவார். கலைவாணர் என்ற பட்டத்தாலும் என். எஸ். கே. என்ற சுருக்கப் பெயராலும் பரவலாக அறியப்படுகிறார். முதன்மைக் கதைக்கு உள்ளேயே தனியாக ஓடும் நகைச்சுவைக் கிளைக்கதையைத் தமிழ்த் திரைப்படத்தில் நிலைபெறச் செய்தவர்களுள் இவரே முதன்மையானவர். சாதி வேற்றுமை, குடிப்பழக்கம், மூடநம்பிக்கை ஆகியவற்றை அக்கிளைக்கதைகளின் வழியே நையாண்டி செய்தார்.

பிறப்பும் இளமையும்

அன்றைய திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இருவரின் பெயர்களும் நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டால் பாடப்படும் தெய்வங்களின் பெயர்கள். பின்னாளில் கிருஷ்ணன் அதே வில்லைத் தம் கலைக்குக் கருவியாகக் கொண்டதால் இப்பெயர்ப் பொருத்தம் குறிப்பிடத்தக்கதாகிறது.

வறுமையால் இவரது பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலை கிடைத்தது. அங்கு நாள்தோறும் பார்த்த நாடகங்களே இவருக்குப் பள்ளியாயின. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்காக 1926 இல் சத்தியாக்கிரகம் நடந்தது. அவ்வூர் ஒழுகினசேரியிலிருந்து சில மைல் தொலைவிலேயே உள்ளது. சாதியைப் பற்றிய இவரது பிற்கால நையாண்டி இத்தகைய சூழலில் வேர்கொண்டது.

நாடகக் குழுவில்

டி. கே. எஸ். சகோதரர்கள் 1925 இல் தொடங்கிய ஸ்ரீ பால சண்முகானந்த சபாவில் கிருஷ்ணன் இளம் வயதிலேயே சேர்ந்தார். அக்காலப் பாலர் நாடகக் குழுக்களில் நடிகர் ஒரு வேடத்தோடு நிற்க இயலாது. பாட வேண்டும், வராதவரின் இடத்தை நிரப்ப வேண்டும், காட்சி மாறும் இடைவேளையில் அவையைச் சிரிக்க வைக்கவும் வேண்டும். இடைவேளையை நிரப்பும் இப்பயிற்சியே பின்னர் இவரது தனிக்கலையாக வளர்ந்தது.

வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் நாடகத்தை அக்குழு 1931 இல் தேசபக்தி என்ற பெயரில் மேடையேற்றியது. அதில் கிருஷ்ணன் காந்தியின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாகப் பாடினார். சுடலை மாடனுக்கும் இசக்கிக்கும் உரிய பாட்டு வடிவம் உயிரோடிருந்த ஓர் அரசியல் தலைவரின் கதையைச் சொல்ல வந்தது. கேட்போருக்கு வடிவம் பழகியதாகவும் பொருள் புதிதாகவும் இருந்தது. பழகிய உருவத்துக்குள் புதிய கருத்தை வைக்கும் இம்முறையை அவர் இறுதிவரை கைவிடவில்லை. நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் பின்னர் இவருக்காக வில்லுப்பாட்டுகளை எழுதினார்.

தனித்தடமாக ஓடிய நகைச்சுவை

மேனகா (1935), சதிலீலாவதி (1936) ஆகியவை இவரது தொடக்ககாலத் திரைப்படங்கள். வசந்தசேனா (1936) படப்பிடிப்பின்போது டி. ஏ. மதுரத்தைச் சந்தித்து மணந்துகொண்டார். அதன்பின் இருவரும் இணையாக ஏராளமான படங்களில் நடித்தனர்.

அக்காலப் படங்களிற் பல புராணக் கதைகள். அவற்றின் உரையாடலும் பாட்டும் முன்பே உறுதிப்பட்டவை; சமகாலச் செய்திக்கு அங்கே இடமில்லை. கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே வகுத்து, தம் குழுவினரைக் கொண்டே நடித்துக் கொடுத்தார். டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி முதலியோர் அவருடன் நடித்தனர். மன்னர்களும் முனிவர்களும் நடமாடும் படத்தின் நடுவே மீனவர், வண்டிக்காரர் போன்ற எளிய மக்கள் தோன்றித் தம் வழக்கில் பேசினர். காளிதாசரின் கதையைத் தழுவிய சகுந்தலையில் (1940) கிருஷ்ணனும் துரைராஜும் மீனவர்களாக வந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இப்பகுதிகளின் கட்டுமானத்தில் வில்லுப்பாட்டின் சாயல் உண்டு. வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் சொல்ல, பின்பாட்டுக்காரர் ஆமோதிப்பார், ஐயம் எழுப்புவார், இடக்காகக் கேள்வியும் கேட்பார். மதுரம் அந்தப் பின்பாட்டுக்காரரின் இடத்தில் நின்றார். ஆனால் அவர் வெறுமனே தலையாட்டவில்லை. கணவனின் அறியாமையை வெளிப்படுத்தும் கேள்விகள் பெரும்பாலும் அவருடையவை. கேலி முதலில் கிருஷ்ணன் ஏற்ற பாத்திரத்தின் மீதே விழும். அவையினர் தம்மைத் தாக்குவதாகக் கருதாமல் சிரித்தனர், சிரித்தபின் கருத்தை ஏற்றனர். பெண்களைப் பற்றிய அவரது வேடிக்கைகளிற் சில இன்றைய நோக்கில் பழமையானவை என்பதையும் மறுக்க இயலாது.

நகைச்சுவைப் பகுதியைக் கதையிலிருந்து பிரித்து எழுதும் வழக்கம் இவருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தமிழ்த் திரையில் நீடித்தது. பிற்காலத்தில் தொலைக்காட்சிகள் அப்பகுதிகளை மட்டும் வெட்டி ஒளிபரப்ப முடிந்ததற்கும் இவ்வமைப்பே காரணம்.

கிந்தனார்

இவரது படைப்புகளில் பெரும்புகழ் பெற்றது கிந்தனார் கதாகாலட்சேபம். இதனை எழுதியவர் உடுமலை நாராயண கவி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை நையாண்டியாக மாற்றிய இப்படைப்பில் சிதம்பர தரிசனத்தின் இடத்தைக் கல்வி பெறுகிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கிந்தன் படிப்பதற்காக நகரத்துக்குச் செல்கிறான். எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் இரயில் வண்டியே அவனுக்கு வழியைத் திறக்கிறது. இறுதியில் அவன் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான்.

நந்தனார் கதையில் இறைவனருள் செய்ததை இங்கே இரயிலும் பள்ளிக்கூடமும் செய்கின்றன. பாகவதர்களின் காலட்சேப முறை அப்படியே பின்பற்றப்பட்டதால், பக்திக்கதை கேட்டுப் பழகியோரும் இதனை எழுந்து செல்லாமல் கேட்டனர்.

சிறைவாசம்

இந்துநேசன் என்ற இதழை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் அவ்வாண்டு டிசம்பரில் கைதுசெய்யப்பட்டனர். 1945 இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இருவரும் நடித்த ஹரிதாஸ் (1944) அப்போது சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட அப்படத்தைப் பார்த்து மக்கள் சிரித்த மாதங்களில் கிருஷ்ணன் சிறையில் இருந்தார்.

உயர் நீதிமன்றம் முதலில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். இடைக்காலத்தில் மதுரம், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் நாடகக் குழுவை நடத்தி வந்தார். அக்குழுவின் பைத்தியக்காரன் நாடகம் 1947 இல் திரைப்படமாயிற்று. விடுதலையான கிருஷ்ணனும் அதில் தோன்றினார். அவ்வாண்டிலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் இவருக்குக் கலைவாணர் பட்டத்தை வழங்கினார். பாகவதரின் திரைவாழ்வு சிறைக்குப் பின் சரிந்தது. கிருஷ்ணன் மீண்டெழுந்தார்.

தயாரிப்பும் இயக்கமும்

கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய நல்லதம்பி (1949) படத்துக்குக் கதை, வசனம் எழுத சி. என். அண்ணாதுரையை அழைத்தார். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு 1948 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. படம் அதனை வலியுறுத்தியது. கிந்தனாரும் இதில் இடம்பெற்றது. இதுவரை கிளைக்கதையில் நின்றவர் இங்கே கதைநாயகரானார். எனினும் கருத்து நேரடியாகப் பேசப்படும் இடங்களைவிட, அது வேடிக்கையில் கரைந்து வரும் இடங்களே படத்தில் வலுவாக உள்ளன.

பின்னர் மணமகள் (1951), பணம் (1952) ஆகியவற்றை இயக்கினார். இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. பணம் படத்தின் ஒரு பாடலில், தி.மு.க. என்ற மூன்றெழுத்துகளுக்குத் திருக்குறளைக் கொண்டு வேறொரு விரிவு தரப்படுகிறது. இரட்டைப் பொருளை அவையினர் புரிந்துகொண்டு கைதட்டினர்.

மறைவும் நினைவும்

ஈட்டிய பொருளைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவர் என்ற பெயர் இவருக்கு உண்டு. இறுதி ஆண்டுகளில் பொருள் நெருக்கடிக்கும் உள்ளானார். நாஞ்சில் நாடு கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதிலிருந்து பத்து மாதங்களில், தமது 48 ஆம் வயதில், கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அவர் நடித்த அம்பிகாபதி அவரது மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. 1937 இல் வெளியான அதே பெயர்ப் படத்திலும் அவர் நடித்திருந்தார்.

சென்னை வாலாஜா சாலையில் உள்ள கலைவாணர் அரங்கம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. இந்திய அஞ்சல் துறை 2008 இல் இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. நாகர்கோவிலில் இவருக்குச் சிலை உண்டு. சென்னை தியாகராய நகரில் உள்ள சிலையை முதலமைச்சர் அண்ணாதுரை 1969 சனவரி 14 அன்று திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே.