'முஸ்லிம் நேசன்' கண்ட அறிஞர் சித்திலெப்பை

 

தமிழ் பேசும் முஸ்லிம்களின் பத்திரிகை வரலாற்றை எழுதப் புகுவோர் மர்ஹூம் எம்.ஸி. சித்திலெப்பை அவர்களைக் கடந்து செல்ல இயலாது. 1838 ஆம் ஆண்டு இலங்கையின் கண்டி மாநகரில் பிறந்த அன்னார், தம் தந்தையாரைப் போன்றே வழக்கறிஞரானார். வருவாயும் மதிப்பும் தேடி வரும் தொழில். ஆயினும் சமுதாயத்தின் பின்னடைவு அவர்தம் உள்ளத்தை உறுத்திக் கொண்டேயிருந்தது.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளிலேயே கிடைத்தது. அங்கு சேர்த்தால் பிள்ளைகள் ஈமானை இழப்பர் என்றஞ்சி முஸ்லிம்கள் விலகி நின்றனர். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆனால், கல்வியோடு உத்தியோகங்களும் கைநழுவிப் போயின. மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒருங்கே புகட்டும் பள்ளிகளை நாமே நிறுவுவதுதான் தீர்வு என்று அவர் கண்டார்.

இக்கருத்தை வீடுதோறும் சேர்ப்பிக்க 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' எனும் வார இதழைத் தொடங்கினார். மார்க்க விளக்கமும், கல்வியின் அவசியமும், முஸ்லிம் நாடுகளின் செய்திகளும் அதில் இடம்பெற்றன. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டதால் மிஸ்ரிலிருந்து நாடு கடத்தப்பட்ட உராபி பாஷா 1883 இல் கொழும்பு வந்தடைந்தார். அவரது நட்பு சித்திலெப்பையின் கல்விப் பணிக்குப் பெருந்துணையாயிற்று.

ஆங்கிலம் கற்பது மார்க்கத்திற்கு முரண் என எண்ணியோர் அவரை எதிர்த்தனர். அவரோ சினந்து ஒதுங்கவில்லை. கல்வி கற்பது கடமை என்பதை மார்க்க ஆதாரங்களைக் கொண்டே விளக்கினார். பெண்மக்களின் கல்விக்கும் வழிகோலினார். 1885 இல் 'அசன்பேயுடைய கதை' எனும் நாவலை வெளியிட்டார். தமிழின் தொடக்ககால நாவல்களுள் அதுவும் ஒன்று.

1892 இல், வாப்பிச்சி மரைக்கார் முதலியோருடன் இணைந்து கொழும்பு மருதானையில் ஒரு மதரஸாவை நிறுவினார். அதுவே இன்று ஸாஹிராக் கல்லூரியாகத் தழைத்து நிற்கிறது. 1898 இல் அன்னார் வஃபாத்தானார்.

ஜமாஅத்தார்களே! பல ஊர்களிலிருந்து பணி நிமித்தம் நெய்வேலியில் வந்து கூடியவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் மாலை மக்தபைப் பரீட்சையின் பெயரால் நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. பெண்பிள்ளையின் மேற்படிப்பைத் திருமணத்தின் பெயரால் நிறுத்தும் வீடுகளும் உண்டு. அவ்விரண்டையும் ஒருசேரக் காக்கவே சித்திலெப்பை அவர்கள் பேனா பிடித்தார்கள். அல்லாஹ் அன்னாரின் சேவையை ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.