வெள்ளைக்காரருக்கு வளரி கற்றுக் கொடுத்த சின்ன மருது

100 கெஜம். அதாவது 300 அடி. அந்தத் தூரத்தில் ஒரு மான் ஓடுகிறது. கையில் துப்பாக்கி இல்லை. வில்லும் இல்லை. வளைந்த கட்டை ஒன்றுதான் இருக்கிறது. அதை வீசி மானை வீழ்த்த முடியுமா?

கை தேர்ந்தவரால் முடியும்! அந்தக் கட்டையின் பெயர் வளரி. அதை வீசுவதில் வல்லவர், சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருது.

அவர் 1753-ல் பிறந்தார். அண்ணன் பெரிய மருதுவும் அவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணிபுரிந்தார்கள். 1772-ல் காளையார்கோவிலில் நடந்த சண்டையில் மன்னர் மாண்டார். ராணி வேலு நாச்சியாரை மருது சகோதரர்கள் காப்பாற்றி, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்கு அழைத்துச் சென்றார்கள். 1780-ல் சீமையை மீட்டார்கள்.

கண்தான் அளவுகோல்

வாள் சண்டை ஆனாலும், சிலம்பம் ஆனாலும் முதலில் பழக வேண்டியது தூரம்தான். ஓர் அடி நெருங்கினால் நம் மீது அடி விழும். ஓர் அடி விலகினால் நம் வீச்சு வீணாகும். அங்கே காலை முன்னும் பின்னும் வைத்துத் தூரத்தைச் சரி செய்யலாம்.

வளரியில் அது நடக்காது. கையை விட்டுப் போனால் போனதுதான்! அதன் ஒரு முனை கனமானது, மறுமுனை மெலிந்தது. மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சுழற்றி வீச வேண்டும். இலக்கு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கண் முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

வெள்ளைக்கார மாணவர்

1795-ல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, சின்ன மருதுவைச் சிறுவயலில் சந்தித்தார். அரண்மனையில் காவல்காரரே இல்லை. யாரும் உள்ளே போகலாம்! அதைக் கண்டு வெல்ஷ் வியந்தார்.

அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவே கற்றுக் கொடுத்தார். வெல்ஷ் மதுரையில் தங்கியிருந்தபோது உயர்ந்த அரிசியும் இனிப்பான ஆரஞ்சுப் பழங்களும் அனுப்பி வைத்தார்.

பகை மூண்டது

1801-ல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்கும்படி கம்பெனியார் கேட்டார்கள். சின்ன மருது மறுத்து விட்டார். ஜூன் 16-ந் தேதி, வெள்ளையரை எதிர்த்து எல்லோரும் ஒன்றுபட வேண்டும் என்று அவர் வெளியிட்ட அறிக்கை திருச்சி கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது.

போர் மூண்டது. எதிரிப் படையில் வந்தவர்களில் ஒருவர், அதே வெல்ஷ்!

காட்டில் வேட்டையாடப்பட்ட சின்ன மருது, கால் ஒடிந்த நிலையில் பிடிபட்டார். 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிறு வயதிலேயே பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டான்.

1818-ல் வெல்ஷ் பினாங்கு சென்றார். அங்கே துரைசாமியைக் கண்டார். இளமையிலேயே முதுமை தட்டியிருந்த அந்த உருவம் அவர் மனதை உருக்கியது.

1830-ல் வெல்ஷின் நூல் வெளிவந்தது. சின்ன மருதுவின் அன்பையும், 100 கெஜ தூரம் குறி தவறாமல் பாயும் வளரியையும் அதில் அவர் பதிவு செய்தார். கற்றுக் கொடுத்தவரை எதிர்த்துப் போரிட்ட மாணவரே, அவருடைய பெருமைக்குச் சாட்சி ஆனார்!