மண்ணின்றிப் பயிர் வளர்த்த மேதை ஜூலியஸ் சாக்ஸ்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்)

செடி என்றால் அது மண்ணில்தான் வளரும் என்பது நாம் பிறந்தது முதல் கண்டு வரும் காட்சி. ஆனால் பனி பொழியும் நாடுகளில் இன்று வீட்டின் அறைக்குள்ளேயே, மின்விளக்கின் ஒளியில், ஒரு பிடி மண்கூட இல்லாமல் குடைமிளகாய் நாற்று வளர்க்கின்றார்கள். நாற்றின் வேர்கள் உப்புகள் கரைந்த நீரில் தொங்கிக் கொண்டிருக்கும். வெளியே பனி உருகி வெயில் தலைகாட்டும் வேளையில், நடுவதற்கு ஏற்ற நாற்று கையில் தயாராக இருக்கும். இம்முறைக்கு ஹைட்ரோபானிக்ஸ் என்ற பெயர் 1937இல் அச்சேறியது. அதனைப் பரப்பியவர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக் என்பவர். பெயர்தான் புதியது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு அடிப்படை அமைத்துக் கொடுத்தவர்களுள் தலையாயவர் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ். அன்னாரின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

சாக்ஸ் 1832ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று பிரஷ்ய நாட்டில் இருந்த அந்நகரம் இன்று விராட்ஸ்வாப் என்ற பெயரில் போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை உலோகத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலாளி. வருவாய் குறைவு, பிள்ளைகளோ பலர். எனினும் தந்தையிடமிருந்து சிறுவனுக்கு ஒரு சொத்து கிடைத்தது. அதுதான் வரையும் கலை. கண்ணால் கண்ட செடியை, கண்டவாறே தாளில் கொண்டு வரும் பயிற்சியை அவர் இளமையிலேயே பெற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய பாடநூலில் உள்ள படங்களுள் பெரும்பாலானவை அவர் கையாலேயே வரையப்பட்டவை. பதிவேட்டில் படம் வரைவதை வேண்டாத வேலை என்று எண்ணும் என்னைப் போன்றவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளலாம்!

1848இல் தந்தை காலமானார். மறு ஆண்டே தாயும் மறைந்தார். பதினேழு வயதுகூட நிரம்பாத நிலையில் தாயும் தந்தையும் அற்றவரானார் சாக்ஸ். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அவ்வேளையில் அவருக்குக் கதவு திறந்தவர் யோகான் பர்கின்ஜி. சிறுமூளையில் உள்ள பர்கின்ஜி செல்களைப் பற்றி விலங்கியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அச்செல்களைக் கண்டறிந்த அதே அறிஞர்தாம் இவர். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பர்கின்ஜியின் மைந்தர்கள் சாக்ஸின் நண்பர்கள். 1850இல் பர்கின்ஜி பிராக் நகருக்குப் பணி மாறிச் சென்றார். சிறிது காலத்தில் சாக்ஸையும் தம்மிடம் அழைத்துக் கொண்டார். படம் வரைந்து உதவுவது சாக்ஸின் வேலை. அவ்வேலையைச் செய்து கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1856இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே சாக்ஸின் வரலாற்றைப் படித்தபோது இந்த இடத்தைத் தாண்டிச் செல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. நண்பனின் தந்தை என்ற உறவைத் தவிர வேறு உறவு இல்லாத ஒருவர் அன்று அழைத்திராவிடில், அந்தக் கை என்ன தொழில் செய்திருக்கும்?

இனி அவரது ஆராய்ச்சிக்கு வருவோம். செடி எதைத் தின்று வளர்கிறது? கேட்பதற்கு எளிய இக்கேள்வி அறிஞர்களை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது. பெல்ஜிய நாட்டு வான் ஹெல்மாண்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு மண்ணிட்டு அலரிக் கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை 164 பவுண்டு கூடியது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ். எனவே மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1699இல் ஆங்கிலேயரான உட்வர்ட் புதினாச் செடியைப் பலவகை நீரில் வளர்த்து, தூய நீரைவிட மண் கலந்த நீரில் அது செழிக்கிறது எனக் காட்டினார். அந்த மண்ணில் உள்ள எப்பொருள் செடிக்குத் தேவை, எது தேவையில்லை? மண்ணை வைத்துக் கொண்டு இதற்கு விடை காண இயலாது. ஏனெனில் மண்ணில் எல்லாம் கலந்து கிடக்கின்றன. மண்ணையே விலக்கி விட்டால்?

சாக்ஸ் அதைத்தான் செய்தார். 1859இல் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள தாரந்த் என்னும் சிற்றூரின் வேளாண்மை நிலையத்தில் அவர் உதவியாளராகச் சேர்ந்தார். விதையை ஈரமான மரத்தூளில் முளைக்கச் செய்வார். வேர் ஓரளவு நீண்டதும் முளையை மெல்ல எடுத்து அலசி, துளையிட்ட தக்கையில் பொருத்துவார். தக்கை ஒரு கண்ணாடிச் சாடியின் வாயில் அமரும். வேர் மட்டும் உள்ளே உள்ள கரைசலில் இறங்கும். கரைசலில் லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், அத்துடன் கால்சியம் சல்பேட், கால்சியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், சோடியம் குளோரைடு ஆகியவை சிறு அளவில். இரும்பு உப்பு ஒரு துளி. அவ்வளவே! மக்காச்சோளமும் அவரையினமும் அச்சாடிகளில் இலை விட்டுத் தழைத்தன. 1860இல் முடிவுகளை வெளியிட்டார். அதே காலத்தில் வில்ஹெல்ம் நாப் என்ற மற்றொரு ஜெர்மானியரும் இதே வழியில் வெற்றி கண்டார். ஆகவே புகழ் இருவருக்கும் உரியது.

இம்முறையின் அழகு கழித்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு சாடியில் இரும்பை மட்டும் விட்டுவிட்டால் புதிய இலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன. இரும்பு சேர்த்தால் சில நாட்களில் பச்சை திரும்புகிறது. பொட்டாசியத்தை நீக்கினால் ஒரு விளைவு. நைட்ரஜனை நீக்கினால் வேறொரு விளைவு. ஆனால் சாக்ஸின் பட்டியல் முழுமையானதன்று. மாங்கனீசு, போரான், துத்தநாகம், தாமிரம், மாலிப்டினம் ஆகியவை அதில் இல்லை. பின் செடிகள் எவ்வாறு பிழைத்தன? அன்றைய இரசாயனப் பொருள்கள் அத்தனை தூய்மையானவை அல்ல. அவற்றில் ஒட்டியிருந்த அழுக்கே செடிக்கு அமுதமாயிற்று! உப்புகளைத் தூய்மைப்படுத்தும் முறைகள் வளர்ந்த பின், 20ஆம் நூற்றாண்டில்தான் இந்த நுண்ணூட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

குடைமிளகாய் நாற்று வளர்ப்போர் இன்று செய்வதும் ஏறத்தாழ இதுவேதான். மரத்தூளுக்குப் பதில் ஈரப் பஞ்சு. தக்கைக்குப் பதில் பிளாஸ்டிக் கிண்ணம். இளநாற்றுக்குக் கரைசலை நீர்க்கவே கொடுக்க வேண்டும். உப்பு மிகுந்தால் வேர் கருகும். வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். எனவே கரைசலுக்குள் காற்றுக் குமிழிகளை விடுகின்றனர். கரைசலில் ஒளி பட்டால் பாசி படரும் என்பதால் கலத்தை மூடி மறைக்கின்றனர்.

சாக்ஸ் 1861இல் பான் நகரை அடுத்த பாப்பல்ஸ்டார்ப் வேளாண்மைக் கல்லூரிக்கும், 1867இல் பிரைபர்க்குக்கும், 1868இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். பெரிய பல்கலைக்கழகங்கள் பல அழைத்தும் வூர்ட்ஸ்பர்க்கை விட்டு அகலவில்லை. பசுங்கணிகங்களில் ஒளியின் துணையால் மாவுப்பொருள் தோன்றுகிறது என்று காட்டியவர் அவரே. இலையை ஆல்கஹாலில் நிறம் நீக்கி, அயோடின் ஊற்றி, நீலக்கருமை தோன்றுவதைக் கண்டு நாம் மகிழ்கிறோமே, அந்த அயோடின் சோதனை அவர் கொடுத்தது. 1868இல் வெளிவந்த அவரது தாவரவியல் பாடநூல் 1875இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. பிற்காலத்தில் மெண்டலின் விதிகளை மீண்டும் கண்டறிந்த ஹ்யூகோ டி விரீஸும் அவரது ஆய்வகத்தில் பயின்றவர்தாம்.

எல்லாம் புகழ்ச்சியாகவே எழுதினால் அது வரலாறு ஆகாது. சார்லஸ் டார்வினின் மைந்தர் பிரான்சிஸ் டார்வினும் வூர்ட்ஸ்பர்க் வந்து சாக்ஸிடம் பயின்றார். 1880இல் தந்தையும் மகனும் சேர்ந்து தாவர அசைவுகள் குறித்து ஒரு நூல் வெளியிட்டனர். வேரின் நுனியே புவிஈர்ப்பை உணர்கிறது என்பது அதில் ஒரு முடிவு. சாக்ஸ் அதனைக் கடுமையாகத் தாக்கினார். சோதனைகள் திறமையின்றிச் செய்யப்பட்டவை என்று ஒதுக்கினார். டார்வினிடம் பெரிய ஆய்வகம் இல்லை. கிராமத்து வீட்டில் எளிய பொருள்களைக் கொண்டு செய்த சோதனைகள் அவை. பின்னாளில் டார்வின் கூறியதே சரி என்று நிலைநாட்டப்பட்டது. தக்கையும் சாடியும் கொண்டு உலகை வென்றவர், பிறருடைய எளிய கருவிகளை இகழ்ந்தது எனக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது.

இறுதி ஆண்டுகளில் நோய் அவரை விடாது வாட்டியது. நண்பர்களும் மாணாக்கர்களும் ஒவ்வொருவராக விலகினர். ஆயினும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 1897ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், தமது 64ஆம் வயதில், வூர்ட்ஸ்பர்க்கிலேயே அவர் உயிர் நீத்தார்.