போடெல்ஷ்விங் பெரியார்

அரச குமாரனோடு விளையாடிய ஒருவர் தெருப்பெருக்குவோர்க்குத் தோழராயினார். தம் மக்கள் நால்வரையும் இழந்த அவரே பின்னர்ப் பல்லாயிரவர்க்குத் தந்தையுமாயினார். அவர்தாம் பிரீட்ரிக் வான் போடெல்ஷ்விங் என்பார். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பெரியார் 1831-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ஆம் நாள் ஜெர்மனி தேசத்து டெக்லென்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்ய அரசில் மந்திரி. ஆதலின், பிற்காலத்தில் சக்கரவர்த்தியாகிய இளவரசர் பிரீட்ரிக் இவருக்கு இளமைத் தோழராயினார். இவர் வேளாண்மை பயின்று பண்ணையொன்றை மேற்பார்த்து வருங்காலை, மிஷனெரிச் சிறுநூலொன்று கைக்கு வந்தது. அதனைப் படித்ததும் உள்ளம் உருகி, ஊழியத்திற்கென வேதசாஸ்திரம் கற்கலானார்.

வறுமையால் தாய்நாடு துறந்து, பாரிஸ் நகரில் தெருப்பெருக்கியும் கந்தை பொறுக்கியும் பிழைத்த ஜெர்மானியர் அந்நாளில் மிகப் பலர். 1858-இல் போடெல்ஷ்விங் அவர்களிடம் சென்றார். அயல்நாட்டில் ஆறாண்டுகள் அவர்களிடையே வாழ்ந்து, பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெற்றோர்க்கு ஆலயமும் அமைத்தார்.

தாயகம் மீண்டு டெல்விக் என்னும் சிற்றூரில் குருவாயிருந்த ஞான்று, பெருந்துயர் வந்துற்றது. 1869 ஜனவரியில், இரண்டு வாரங்களுக்குள், அவர்க்கு அந்நாளில் இருந்த மக்கள் நால்வரும் நோய்வாய்ப்பட்டு மாண்டனர். வெறுமையான அவ்வீட்டில் தாயும் தந்தையும் இருந்த நிலையை நாம் எங்ஙனம் எழுதுவோம்! ஆயினும் அத்துயர் அவர் நெஞ்சை வன்மையாக்கவில்லை. பிறர் துயரை அறியும் கண்ணையே திறந்தது.

பீலெபெல்டு நகரருகே 1867-இல் வலிப்பு நோயர்க்கென ஓரில்லம் தொடங்கப்பட்டிருந்தது. அந்நாளில் வலிப்பு நோயர் ஊராரால் அஞ்சி ஒதுக்கப்பட்டனர். புரோமைடு உப்பன்றி அந்நோய்க்குத் தக்க மருந்தும் அரிது. 1872-இல் இவர் அதன் தலைமையை ஏற்றார். கடவுளின் வீடு எனப் பொருள்படும் பெத்தேல் என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. சிறிதாயிருந்த அவ்வில்லம் தோட்டமும் வயலும் தொழிற்சாலையும் கோயிலும் கொண்ட ஓர் ஊராகவே வளர்ந்தது.

நோயாளி வேலைக்கு ஆகாதவன் என்று உலகம் கூற, இவர் ஒவ்வொருவர்க்கும் இயன்றதொரு தொழிலைத் தேடிக் கொடுத்தார். ஒருவன் நிலத்தைக் கொத்துவான். ஒருவன் நூல் கட்டுவான். 1888 முதல் பயன்படுத்திய தபால் தலைகளைச் சேகரித்துத் தரம்பிரிப்பதும் அங்கு ஒரு தொழிலாயிற்று. பிறர் கிழித்தெறியும் தாள்துண்டும் பயனுடைத்து எனின், மனிதன் எங்ஙனம் பயனற்றவனாவான்? வேலையற்று அலைவோர்க்கும் 1882-இல் வில்ஹெல்ம்ஸ்டார்ப் என்னும் குடியிருப்பை நிறுவினார். வெறும் பிச்சையினும் உழைப்பே மனிதனை நிமிர்த்தும் என்பது அவர் துணிபு. தந்தையைப்போல் அன்பு காட்டிய அவர், தந்தையைப்போல் கண்டிப்பும் உடையவரே.

1910 ஏப்ரல் 2-ஆம் நாள் இவர் இறைவனடி சேர்ந்தார். மகனார் தலைமை ஏற்றார். 1940-இல் நாஜி அரசு, நோயரை வாழத் தகாதார் எனக் கொன்றொழிக்கக் கணக்குத் தாள்களை அனுப்பியது. மகனார் அவற்றை நிரப்ப மறுத்தார். அங்கிருந்த யூத நோயர் சிலரைக் காக்க இயலாது போயிற்று; எனினும் பெரும்பாலோர் உயிர் தப்பினர். தந்தையார் விதைத்தது எத்தகைய வித்து என்பது அன்று விளங்கிற்று.

இன்றும் இளைஞர் பலர் ஓராண்டுத் தொண்டாற்றப் பெத்தேலுக்குச் செல்கின்றனர். நம் தெருவிலும் வலிப்பு நோயர் உளர். நாம் அவர்களைக் கண்டு ஒதுங்குகின்றோமா, அருகில் அமர்கின்றோமா? கல்லூரியில் கற்கும் நாம் இவ்வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.